சுற்றுவட்டம் வரட்டும்; வரைபடம் எங்கே?

காலை ஏழரை மணி. வன்னியில் ஏ9 வீதியோரம் உள்ள சிறு நகரம் ஒன்றின் நாற்சந்தியில் நிற்கிறேன். கொழும்பிலிருந்து இரவு முழுக்க ஓடி வந்த பஸ் யாழ்ப்பாணம் நோக்கிப் பறக்கிறது. பக்க வீதியிலிருந்து மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று மெல்ல முன்னால் வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு மோட்டார் சைக்கிள். அதில் தகப்பனும் புத்தகப் பைகளோடு இரண்டு பிள்ளைகளும். பள்ளிக்கூட நேரத்தில் மட்டும் ஒரு பொலிஸ்காரர் நிற்பார். மற்ற நேரங்களில் முந்துகிறவருக்கே வழி.

இந்தச் சந்தியைச் சுற்றுவட்டமாக மாற்றப் போகிறார்கள் என்ற கதை சில மாதங்களாக ஊரில் அடிபடுகிறது. ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வரைபடத்தை மட்டும் ஊரில் எவரும் காணவில்லை. தங்கள் பெயரையும் ஊரின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டம் நல்லது. சாதாரண நாற்சந்தி ஒன்றில் வாகனங்களின் பாதைகள் 32 இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. அவற்றில் 16 இடங்களில் குறுக்காகவே வெட்டுகின்றன. உயிரைப் பறிக்கும் பக்கவாட்டு மோதல்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. ஒற்றை ஒழுங்கைச் சுற்றுவட்டத்தில் இந்த 32, எட்டாகக் குறைகிறது. குறுக்கே வெட்டும் இடம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் இடப்பக்கமாக நுழைந்து, வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட்டு, வளைந்து போக வேண்டும். வளைவதற்கு வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட சந்திகளை இப்படி மாற்றிய பின் ஆராய்ந்தபோது, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் முக்கால் பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன.

போருக்குப் பிறகு ஏ9 காபெற் வீதியானது. குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் வீதியே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. எனவே வேகத்தைக் குறைக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் வரவேற்பேன். ஆனால் சந்தியில் நின்று பேசியபோது மூன்று விடயங்கள் உறுத்தின.

முதலாவது, நடந்து கடப்பவர்கள். மாத்தளனில் ஷெல் விழுந்து ஒரு காலை இழந்த ஐயா ஒருவர் செயற்கைக் காலோடு தினமும் இந்தச் சந்தியைக் கடந்து சந்தைக்குப் போகிறார். "பிள்ளை, இப்ப எண்டால் பொலிஸ்காரர் கையைக் காட்டி நிப்பாட்டுவார். வட்டம் கட்டினால் வாகனம் நிக்காமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். நான் எப்ப கடக்கிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பார்வை இழந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். வாகனம் நின்றதைச் சத்தத்தை வைத்து அறிபவர்களுக்கு, வட்டத்தைச் சுற்றி ஓயாமல் கேட்கும் இரைச்சல் எதையும் சொல்லாது. தீர்வு இல்லாமல் இல்லை. பாதசாரி கடவையை வட்டத்தின் வாயிலில் போடாமல் ஒரு கார் நீளம் பின்னுக்குத் தள்ளிப் போட வேண்டும். வீதியின் நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு வேண்டும். அப்போது ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனங்களை மட்டும் பார்த்தால் போதும். கடவையைச் சற்று உயர்த்திக் கட்டினால் சாரதி தானாகவே பிரேக் பிடிப்பார். சைக்கிள்காரர்களையும் மறக்கக் கூடாது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் 91 சுற்றுவட்டங்களை ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட ஆய்வு, சைக்கிள் ஓட்டுநர்கள் காயப்படும் விபத்துகள் அங்கே 27 வீதம் கூடியதாகக் கண்டது. பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் வரும் ஊருக்கு இது சின்ன விடயம் அல்ல.

இரண்டாவது, காணி. பஸ்ஸும் லொறியும் திரும்பக்கூடிய ஒற்றை ஒழுங்கை வட்டத்துக்குக் குறுக்களவு 30 முதல் 50 மீற்றர் வரை தேவைப்படும். நான்கு மூலைகளும் உள்ளே போகும். ஒரு மூலையில் சைக்கிள் திருத்தும் கடை. இன்னொன்றில் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்த அக்கா ஒருவரின் தேத்தண்ணிக் கடை. கணவர் இல்லை. மூன்று பிள்ளைகளை அந்தக் கடைதான் வளர்த்தது. காணி உறுதி இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. உறுதி இல்லாதவருக்கு இழப்பீடு கேட்பதே பெரும் போராட்டம். இதற்கும் வழி உண்டு. பிரிட்டனில் 1970களிலிருந்து சிறு சுற்றுவட்டங்கள் போடுகிறார்கள். நடுவில் தாழ்வான மேடு மட்டும் இருக்கும். நீளமான வாகனத்தின் சக்கரம் அதன் மேல் ஏறிப் போகலாம். இருக்கிற சந்திக்குள்ளேயே அது அடங்கிவிடும். ஆனால் வாகனங்கள் சந்தியை அடையுமுன்னே வேகத்தைக் குறைக்க வேறு ஏற்பாடுகளும் வேண்டும். ஏ9 இல் இது பொருந்துமா என்பதைப் பொறியியலாளர்கள்தான் சொல்ல வேண்டும். அதை ஆராய்ந்தார்களா என்று கேட்கும் உரிமை அந்த அக்காவுக்கு இருக்கிறது.

மூன்றாவது, வட்டத்தின் நடு. வேறு ஊர்களில் இது அலங்காரப் பிரச்சினை. எங்கள் ஊர்களில் அப்படி அல்ல. கிளிநொச்சியில் குண்டு துளைத்த கொங்கிரீட் கட்டியில் தாமரை பூக்கும் வெற்றிச் சின்னத்தையும், ஆனையிறவில் இலங்கைப் படத்தை ஏந்திய கைகளையும் கடந்துதான் நாங்கள் வேலைக்குப் போகிறோம். எவரும் எங்களிடம் கேட்டு அவற்றை வைக்கவில்லை. எனவே சந்தியின் நடுவில் ஒரு வெற்று வட்டம் வருகிறது என்றதும், "அதுக்குள்ள எதைக் கொண்டுவந்து நடுவாங்களோ" என்று சனம் கேட்பதை வீண் சந்தேகம் என்று தள்ள முடியாது. வேறு சிலர் எங்கள் தரப்புச் சிலை ஒன்று வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஓடும் வாகனங்களுக்கு நடுவே மாலை போடவும் படம் எடுக்கவும் ஆட்களை இழுக்கும் எதுவும் அங்கே இருக்கக் கூடாது. மண்மேடும் சில செடிகளும் போதும். நினைவுகூர அமைதியான வேறு இடம் வேண்டும். அது தனியே பேச வேண்டிய விடயம்.

வரைபடம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அதைக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். வணிகர் சங்கம், மாதர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு விண்ணப்பம் போடலாம். கடவை எங்கே, எவருடைய காணி எத்தனை அடி போகிறது, நடுவில் என்ன வரும் என்று மூன்றே கேள்விகள்.

புறப்படும்போது அந்த ஐயா மீண்டும் கடவையில் நின்றார். மணி எட்டரை. பொலிஸ்காரர் போய்விட்டார். ஏழு வாகனங்கள் கடந்த பிறகு ஓட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, கையால் சைகை காட்டினார். ஐயா மெல்ல இறங்கி நடந்தார்.