பெற்றவர் சொல்லட்டும்

கனடாவின் கல்கரி நகரில் பனி பெய்து ஓய்ந்த 24 மணி நேரத்துக்குள் தம் வீட்டை ஒட்டிய நடைபாதையை வீட்டுக்காரரே துப்புரவாக்க வேண்டும் என்பது சட்டம். முதுமையாலும் உடற்குறையாலும் அது இயலாதோர்க்கு அண்டை வீட்டார் பனியை அள்ளி வழி செய்து கொடுக்கின்றனர். உதவி பெற்றவர் தமக்கு உதவியவரின் பெயரை நகராட்சிக்குத் தெரிவிக்கலாம். நகராட்சி அவரைப் பாராட்டுகிறது. உதவியவரைச் சுட்டிக்காட்டும் உரிமை உதவி பெற்றவரிடமே இருப்பது எம் உள்ளத்தைத் தொட்டது.

இலங்கையின் புத்தளக் கரையில் பனி ஏது? இங்கே வாசலை அடைப்பது வெள்ளம் விட்டுச்செல்லும் சேறு. 2025 நவம்பர் 28ஆம் நாள் இலங்கையில் கரையேறிய டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. புத்தளம் களப்பில் கலக்கும் கலா ஓயாவின் பெருக்கில் பயணிகள் பேருந்து ஒன்று சிக்கியதையும், அதிலிருந்தோர் வீட்டுக் கூரையேறி உயிர் பிழைத்ததையும் நாடே பதைப்புடன் பார்த்தது. நீர் வடிந்தபின் நடந்ததைப் பார்த்தவர் சிலரே. வீட்டுக்குள் படிந்த சேறு இறுகுமுன் அதை வழித்தெடுக்க வேண்டும். கிணற்றை இறைத்து, அடிச்சேற்றை வாளி வாளியாக வாரி, மருந்திட வேண்டும். இளந்தோள்களே சோர்ந்துபோகும் வேலை அது. தனித்து வாழும் மூதாட்டி என் செய்வார்? சக்கர நாற்காலி ஈரச்சேற்றில் ஓரடியும் உருளாது. அதில் இருப்பவருக்கு அவர் வீடே சிறையாகிறது. மண்வெட்டியுடன் வந்து அச்சிறையைத் திறந்துவிடும் இளைஞருக்கு இந்நாடு கடன்பட்டிருக்கிறது.

அக்கடனை எவ்வாறு தீர்ப்பது? பொன்னாடையும் மேடையும் வேண்டா. உதவி பெறும் முதியவரை உதவிப் பொதியுடன் நிறுத்திப் படமெடுக்கும் வழக்கம் உடனே ஒழிய வேண்டும். அது அவருடைய மானத்தை விலையாகக் கேட்பது. அறத்தை மறைத்துச் செய்வதே சிறப்பு என இளைஞர் ஒதுங்கினால் அது அவர்தம் பண்பு. ஆயினும் பெற்றவர் வாய்திறந்து சொல்லத் தடையில்லை. வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அது பெற்றவரின் கடமையைப் பேசுவது.

ஆகவே பள்ளிவாசல்துறை போன்ற கரையோர ஊர்களில் கிராம அலுவலர் முன்னின்று ஓர் ஏடு தொடங்கட்டும். தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வாழும் வீடுகளை மழைக்கு முன்பே குறித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்கும் அண்டை வீட்டாரையும் எழுதட்டும். மழை ஓய்ந்தபின் அவ்வீட்டார் சொல்லும் பெயர்களை ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னரும், தேவாலயத்திலும் கோயிலிலும் அறிவிக்கட்டும். மண்வெட்டியும் காலணியும் நீரிறைக்கும் பொறியும் பிரதேச செயலகம் தரட்டும். பணியிடையே காயமுற்றால் மருத்துவச் செலவை அரசு ஏற்கட்டும். முதியோர் உரிமைகளுக்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாட்டுக்கு இது பெரும் சுமையன்று. 2026ஐத் தன்னார்வலர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துள்ள வேளையில் தயக்கம் ஏன்?

ஒன்று நினைவிற் கொள்க. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இப்புத்தளம் மாவட்டத்தில் வந்து சேர்ந்தபோது, முன்பின் அறியாதோருக்கு வீட்டைத் திறந்துவிட்டவர் இம்மண்ணின் மக்கள். அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் எழுதி வைத்தோம்? அன்று முப்பத்தைந்து வயதில் கதவு திறந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. இனி வரும் வெள்ளத்தில் சேறு அடைக்கப்போவது அவர் வாசலையே. ஏட்டின் முதல் பக்கத்தை அவரிடமிருந்தும், அன்று அவர் வீட்டில் ஒதுங்கியவரிடமிருந்தும் கேட்டு எழுதுக.