ஆறிய புண்ணுக்கும் பரிசோதனை! பரிசோதனை நாளுக்கும் சம்பளம்!

"கட்டியை வெட்டி எடுத்தாகிவிட்டது. புண்ணும் ஆறிவிட்டது. இனி எதற்கு ஆஸ்பத்திரி?" பனியன் கம்பெனி சூபர்வைசர் இப்படிக் கேட்கிறார். தோட்டத்துக்காரரும் கேட்கிறார். சில வீடுகளிலும் கேட்கிறார்கள்.

தோல் புற்றுநோய் ஒருமுறை வந்தவருக்கு, அதே இடத்திலோ வேறு இடத்திலோ மறுபடி வரக்கூடிய நோய். திரும்புவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருஷங்களுக்குள் திரும்புகிறது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை டாக்டர் உடம்பு முழுவதும் பார்க்க வேண்டும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். சிறிதாக இருக்கும்போதே கண்டால் சிறு ஆபரேஷனோடு தீரும். தாமதித்தால் காலும் போகலாம், உயிரும் போகலாம்.

"கறுத்த தோலுக்கு இது வராது" என்பார்கள். வெள்ளைத் தோலைவிடக் குறைவு என்பது மெய். வராது என்பது பொய். பழைய தீக்காயத் தழும்பில் வரும். வருஷக்கணக்கில் ஆறாத புண்ணில் வரும். உள்ளங்காலிலும் நகத்தடியிலும் கரும்புள்ளியாக வரும். இடுப்பில் வேட்டி இறுக்கும் இடத்தில் வரும் புற்றுநோயைப் பம்பாய் டாக்டர் கனோல்கர் 1945-லேயே எழுதி வைத்தார். சாயப்பட்டறையில் கொதிநீர் பட்டு வேகிறவர் யார்? கால்புண்ணோடு சேற்றில் இறங்குகிறவர் யார்? முதலாளியா?

நூற்பாலைத் தொழிலாளிக்கு இந்த நோய் புதிதல்ல. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 'மியூல்' என்ற நூற்பு எந்திரத்தின் எண்ணெய் தெறித்து, தொழிலாளியின் இடுப்புத் துணியை நனைத்தது. விதைப்பையின் தோலில் புற்று வந்தது. மான்செஸ்டர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இந்த நோயோடு வந்த 141 பேரில் 69 பேர் மியூல் நூற்பாளர்கள் என்று 1922-ல் டாக்டர்கள் கணக்குக் காட்டினார்கள். தீங்கற்ற எண்ணெய் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை வேண்டும் என்ற கட்டாய விதி எப்போது வந்தது தெரியுமா? 1953-ல்! கணக்குத் தெரிந்தும் 31 வருஷங்கள்!

நம் நாட்டில் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் தோல் புற்றுநோயை, சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2020-ம் வருஷத் தொழில் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் நாள், கூலி இல்லாத நாள். இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவிக்கோ முதல் இரண்டு நாள் கணக்கில் வராது. ஒரு நாள் பரிசோதனைக்கு என்ன கிடைக்கும்? கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே இல்லை. விவசாயக் கூலிக்கு அந்தத் திட்டமே இல்லை. அரசுக் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கலாம். இழந்த கூலியைத் தராது.

ஆகவேதான் மூன்றாவது பரிசோதனைக்குப் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அசட்டை அல்ல, அடுப்பு எரிய வேண்டுமே!

நமது கோரிக்கைகள் இவை: புற்றுநோய்ப் பரிசோதனை நாளுக்கு முழுச் சம்பளம். கான்ட்ராக்ட் தொழிலாளி உட்பட அனைவருக்கும் இ.எஸ்.ஐ. விவசாயத் தொழிலாளிக்கு அந்த நாள் கூலியைச் சர்க்கார் ஈடுகட்ட வேண்டும்.

தோழர்களே! ஆறாத புண்ணோ, வளரும் மச்சமோ, தழும்பில் புது வெடிப்போ கண்டால் களிம்பு தடவிக் காத்திராதீர்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒருமுறை நோய் கண்டவர் தவணை தவறாதீர்கள். தவணை நாளில் அவருடைய கூலி வெட்டப்பட்டால், அந்த வழக்கைச் சங்கம் தன் வழக்காக எடுக்கட்டும்!