தட்டை அகற்றுவோம், சாடியை அல்ல

வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் தொடர்மாடியில், மின்தூக்கிக்கு அருகே அண்மையில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. டெங்கு அபாயம் காரணமாக மொட்டைமாடியிலும் பல்கனிகளிலும் உள்ள பூச்சாடிகள் அனைத்தையும் மாத முடிவுக்குள் அகற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். என்னுடைய ஏழு கசானியாச் சாடிகளும் அதில் அடக்கம்.

அச்சம் நியாயமானதே. 2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 180,000 இற்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். கொட்டாஞ்சேனையிலுள்ள என் தங்கையின் மகனும் அவர்களில் ஒருவன். அவனுடைய கட்டிலருகே நான் கழித்த இரவுகளை மறக்கவில்லை. ஆகவே இந்த விடயத்தை இலேசாக எடுத்துக்கொள்பவன் அல்லன் நான்.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், நீர் தேங்கி நுளம்பு பெருகாதவாறு தத்தம் வளவைப் பேணும் பொறுப்பைக் குடியிருப்போரிடம் ஒப்படைக்கிறது. செடி வளர்ப்பதை அது தடுக்கவில்லை. நுளம்பு பெருகுவது சாடியின் மண்ணில் அன்று; நிலம் கறைபடாதிருக்க அதன் அடியில் நாம் வைக்கும் தட்டில் தேங்கும் நீரிலேதான். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

கசானியாவுக்கு அந்தத் தட்டே வேண்டியதில்லை. தென்னாபிரிக்காவின் வறள் நிலத்துச் செடி அது. உப்புக் காற்றையும் கடும் வெயிலையும் தாங்கும். கடலை நோக்கிய எங்கள் மொட்டைமாடியில் ரோசாச் செடிகள் கருகிய இடத்தில் இது பூத்தது. வெயிலில் விரியும் பூ, மாலையிலும் மந்தாரத்திலும் மூடிக்கொள்ளும்.

முதலாண்டில் நாள்தோறும் நீரூற்றி, வேரழுகச் செய்து, எல்லாவற்றையும் நானே கொன்றேன். பின்னர்தான் பாடம் படித்தேன். மண்ணுடன் ஆற்றுமணலைத் தாராளமாகக் கலக்க வேண்டும். சாடியின் அடியில் துளை இருக்க வேண்டும். சாடியை இரண்டு செங்கற்களின் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் காலையில் நீர் விட வேண்டும். வாடிய பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். பசளை குறைவாகவே போதும். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெறும் கொழும்பில் அடைமழைக் காலம்தான் இதற்குச் சோதனை. அப்போது சாடிகளைக் கூரையின் கீழ் நகர்த்துவேன். அப்படியும் இரண்டொன்று அழுகும். அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகளை வெட்டி நட்டு ஈடுசெய்துகொள்கிறேன்.

நிலமென்று ஒரு முழமும் இல்லாத எங்கள் தொடர்மாடிப் பிள்ளைகளுக்கு, மண்ணைத் தொட்டுப் பார்க்கக் கிடைப்பது இந்தச் சாடிகள்தாம். அவற்றை அகற்றினாலும் அடைபட்ட பீலியிலும் மூடாத தண்ணீர்த் தொட்டியிலும் நுளம்பு பெருகிக்கொண்டுதான் இருக்கும். செடிகளை அகற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் அவற்றை எவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் என் வேண்டுகோள் இதுதான். தட்டுகளைத் தடை செய்யுங்கள். நீர் தேங்கும் எதனையும் தடை செய்யுங்கள். ஞாயிறுதோறும் பத்து நிமிடம் பீலி, தொட்டி, சாடி அனைத்தையும் சேர்ந்து பரிசோதிப்போம். முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் மொட்டைமாடியில் இருப்பேன். என் சாடிகளிலிருந்தே தொடங்கலாம்.