வயதும் நோயும்

“வயது போனால் அப்படித்தான்” என்று முதியோரின் நோயை ஒதுக்கிவிடுதல் நம் வன்னியில் நாம் நாளும் கேட்பது. அவ்வார்த்தையை ஏற்காது, அதனை ஆராய்வதையே தம் தொழிலாக்கிக் கொண்டவர் சென்னை வைத்தியர் வி. எஸ். நடராஜன். இங்கிலாந்திலே முதியோர் மருத்துவம் பயின்று மீண்ட அவர், 1978இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனி வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். விடுதி கிடைத்ததோ 1988இல்தான். பத்துப் படுக்கைக்குப் பத்து ஆண்டு! இந்தியாவில் இத்துறையின் முதற் பேராசிரியரும் அவரே. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென எம்.டி. வகுப்பும் பிறந்தது.

தனித்துறை எதற்கு என்பீர்கள். இளைஞருக்கு நியூமோனியா கண்டால் காய்ச்சல் கொதிக்கும். முதியவருக்குக் காய்ச்சலே இல்லாதிருத்தலும் கூடும். நேற்று வயல்வரம்பில் நடந்தவர் இன்று பேரனை யாரென்று கேட்பதே முதல் அறிகுறியாகலாம். அது வயதன்று, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டிய நோய்.