தப்பு யார்மேல்?

1978-ல் லண்டனில் ‘கிராஃப்ட்ஸ்’ நாய்க் கண்காட்சி. இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்துக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க ஏதாவது வேண்டும். குதிரைகள் தடை தாண்டுவதுபோல நாய்களையும் தாண்ட வைத்தால் என்ன என்று யோசித்தார் கண்காட்சிக் குழுவில் இருந்த ஜான் வார்லி. பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல் கைகொடுத்தார். இடைவேளையை நிரப்ப வந்த அந்த ‘டாக் அஜிலிட்டி’க்கு இன்று பல நாடுகளில் கிளப்புகள் இருக்கின்றன.

தாண்டும் கம்பி, சுரங்கக் குழாய், சீசா, வரிசையாக நட்ட கம்பங்களுக்கு நடுவே நெளிந்து ஓடுவது... எல்லாமே நாய் பழகியவைதான். ஆனால், எதற்கு அடுத்து எது என்பது போட்டிக்குப் போட்டி மாறும். முன்கூட்டியே களத்தை நடந்து பார்த்து மனப்பாடம் செய்ய, கூட ஓடுபவருக்கு மட்டுமே அனுமதி. நாய்க்குக் கிடையாது. ஓடும்போது வாரும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை, தொடவும் கூடாது. குரலும் உடலசைவும்தான் வழிகாட்டி.

அதனால் அவர் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, நாயும் அந்தப் பக்கமே பாயும். அவர் ஒரு நொடி தாமதித்தால், அது வேறு தடையைத் தாண்டிவிடும். பல நேரங்களில் தப்பு மனிதருடையது. திட்டு வாங்குவது நாய். திட்டு வாங்கிய நாய் அடுத்த முறை தயங்கித் தயங்கி ஓடும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள், ஓட்டம் சொதப்பினாலும் வெளியே வந்ததும் முதலில் நாயைத் தட்டிக்கொடுக்கிறார்கள்.