காயத்தின் இடமும் நேரமும்

குற்றத்தைக் குறைப்பது காவல்துறையின் வேலை மட்டுமே என்று எண்ணிப் பழகிவிட்டோம். வேல்ஸின் தலைநகர் கார்டிஃப் வேறொரு வழியைக் காட்டியது.

அடிதடியில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வருவோரில் பலரைப் பற்றிக் காவல்துறை அறிவதே இல்லை என்பதைக் கண்டறிந்தார் முகத்தாடை அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்ட். அவரது முயற்சியால் 1990களின் பிற்பகுதியில் மருத்துவமனை, காவல்துறை, நகராட்சி மூன்றும் கைகோத்தன. எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் என்னும் விவரங்கள், பெயர்கள் நீக்கப்பட்டுப் பகிரப்பட்டன. அவற்றைக் கொண்டு ரோந்து செல்லும் இடங்கள் முடிவாயின. ஒத்த பிற நகரங்களோடு ஒப்பிடுகையில், வன்முறைக் காயங்களுக்கான மருத்துவமனைச் சேர்க்கை 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறியது.

பெயரைக் கேட்காததே இதன் பலம் என்று கருதுகிறோம். காயம்பட்டவர் சிகிச்சைக்கு வரவே அஞ்சினால், துறைகளின் ஒத்துழைப்பு வெறும் கண்காணிப்பாகிவிடும்.