‘மருந்து நல்லா கேட்குது’

நான்காவது கீமோ முடிந்து எடுத்த ஸ்கேன். பெருங்குடலில் தொடங்கிய புற்று கல்லீரல் முழுக்கவும் நுரையீரலிலும் பரவிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. ஆனால் கட்டிகள் சற்றே சுருங்கியிருந்தன. “மருந்து நல்லா கேட்குதுங்க” என்றேன். ஸ்கேன் கவரை மடியில் வைத்திருந்தவரின் முகம் மலர்ந்தது. “அப்போ தை மாசத்துக்குள்ள முழுசா குணமாயிடும்ல சார்? பொண்ணு கல்யாணத்தை அதுக்காகத்தான் தள்ளி வச்சிருக்கேன்.” பின்னால் நின்ற மகன், சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். “பார்க்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டது என்றால், காய்ச்சல் போய்விட்டது என்றுதான் நம் மக்கள் கொள்வார்கள். கட்டி சுருங்கியதை நான் சொன்னேன். நோய் தீரப்போவதாக அவர் கேட்டுக்கொண்டார்.

ஜேன் வீக்ஸ் குழுவினர் 2012இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதையே காட்டியது. பரவிய நிலையில் கீமோ பெற்ற 1,193 பேரிடம் கேட்டார்கள். அந்தச் சிகிச்சையால் நோய் குணமாக வாய்ப்பே இல்லை என்ற புரிதல் நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 சதவீதத்தினரிடமும், பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதத்தினரிடமும் வெளிப்படவில்லை. ‘டாக்டர் நன்றாகப் பேசுகிறார்’ என்று மெச்சியவர்களிடமே தவறான நம்பிக்கை கூடுதலாக இருந்தது. நோயாளியின் பாராட்டை வைத்து நம் பேச்சை எடைபோட முடியாது.

உண்மையைச் சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்பது நம் பயம். குடும்பத்தின் பயமும் அதுவே. 2008இல் ‘ஜாமா’ இதழில் வந்த ஆய்வில், இறுதிக்காலம் பற்றி மருத்துவரோடு பேசிய நோயாளிகளிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படவில்லை. கடைசி வாரத்தில் வென்டிலேட்டர், ஐ.சி.யூ. என்று அலைக்கழிக்கப்பட்டதும் அவர்களில் குறைவு.

மகனைப் புறந்தள்ளிப் பேச வேண்டியதில்லை. முதலில் அவரைத் தனியே உட்காரவைத்து அவருடைய பயத்தைக் கேட்போம். பிறகு நோயாளியிடமே கேட்போம்: “உங்க நோயைப் பத்தி எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல வீட்டுல யார்கிட்டயாவது சொல்லணுமா?” தெரிந்துகொள்ள விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது, விரும்புகிறவரிடம் மறைக்கவும் கூடாது. காலத்தைக் கேட்டால் ஒற்றை எண்ணைச் சொல்லாதீர்கள். நம் கணிப்புகள் பெரும்பாலும் கூடுதலாகவே தவறுகின்றன. வருடங்களா, மாதங்களா, வாரங்களா என்று சொல்லலாம்.

அடுத்த கீமோவுக்கு வந்தபோது அவரிடம் கேட்டேன். “என்கிட்டயே சொல்லுங்க” என்றார். “இந்த நோய் முழுசா குணமாகாதுங்க. கொஞ்ச காலம் அடக்கி வைக்கத்தான் இந்த மருந்து. வலி, மூச்சுத்திணறல் எது வந்தாலும் நாங்க கூடவே இருந்து பார்ப்போம்.” வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “ஆவணியில முகூர்த்தம் எப்போன்னு பாரு” என்றார்.

முதல் கீமோவுக்கு முன்பும் ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பின்பும் ஒரு கேள்வியை வழக்கமாக்குவோம்: “நான் சொன்னதை வீட்டுல போய் என்னன்னு சொல்வீங்க?” அவர் சொல்லும் பதிலை, அவர் வார்த்தையிலேயே, கேஸ் ஷீட்டில் எழுதிவைப்போம். அடுத்த முறை அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.